ஆளுக்கொரு பேணி

“என்ர அப்புவைத் தனிப் பேணியில குடிக்க வைக்கிறியோ! அவரென்ன தீண்டத்தகாதவரோ?”

விடிந்ததும் விடியாததுமாகப் பாலையூற்று வயோதிபர் மடத்து வாசலில் புஸ்பராணி கத்தினாள். ஊரில் குண்டு விழுந்த அன்று, நடக்க ஏலாத தகப்பன் கோணாமலையை விட்டுவிட்டுத் திரியாய்க் கிராமத்துக்கு ஓடியவள் அவள். அவரைத் தான் வேலை செய்யும் இந்த மடத்துக்குக் கொண்டுவந்து பராமரித்தவள் மருமகள் இரத்தினேஸ்வரி.

மடத்தில் வயிற்றோட்டம் பரவியிருந்தது. நோய் கண்டவர்களை இரத்தினேஸ்வரி மேற்கு அறையில் பிரித்து வைத்தாள். எல்லோருக்கும் ஆளுக்கொரு தகரப் பேணி, கொதிநீரில் அவித்த துணி. ஒருவரைத் தொட்டால், சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் அடுத்தவரைத் தொடமாட்டாள். நோயைக் காவிக்கொண்டு போகக்கூடாதென்று பத்து நாளாக வீட்டுக்கும் போகவில்லை.

“மாமாவுக்கு இன்னும் நோயில்லை மச்சாள். அவரைக் காப்பாத்தத்தான்...”

“புருசனை விட்டிட்டு இஞ்ச ராணி மாதிரி இருக்கிறாய்... நீ காப்பாத்துறியோ!”

புஸ்பராணியோடு கூட வந்த அவள் சகோதரன், இரத்தினேஸ்வரியின் கணவன் இராசதுரை வாயே திறக்கவில்லை. அந்த மௌனம்தான் இரத்தினேஸ்வரியைச் சுட்டது.

இரத்தினேஸ்வரி கிணற்றடிக்குப் போன நேரம் புஸ்பராணி உள்ளே நுழைந்துவிட்டாள். மூன்றாம் நாள் கோணாமலை வயிற்றோட்டத்தில் படுத்தார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த, சொந்தபந்தமற்ற சம்பூர்த் தங்கத்துரையும் படுத்தார். இரண்டு நாளில் தங்கத்துரை இறந்துபோனார்.

“என்ர அப்புவையும் கொல்லப் போறாளே!” என்று தலையிலடித்துக்கொண்டு வந்தாள் புஸ்பராணி.

“வாயை மூடு!” கோணாமலை படுக்கையிலிருந்தே அதட்டினார். “அண்டைக்கு மேற்கு அறைக் கிழவிக்குப் பாவம் பாத்துக் கஞ்சி ஊட்டின கையாலதானே எனக்கும் தங்கத்துரைக்கும் ஊட்டினாய்? கழுவிப்போட்டு வா எண்டன்... என்ர கை அருவருப்போ எண்டு அழுதாய். நீ அழக்கூடாதெண்டுதான் திண்டனான்!”



இரத்தினேஸ்வரி கணவன் பக்கம் திரும்பினாள். “அண்டைக்கு ஒரு சொல்லு... ‘அவள் சொல்லுறதைக் கேள்’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அந்த மனுசன் இருந்திருப்பார்! இனி ஆரிட்டப் போய் மன்னிப்புக் கேப்பியள்?”

இராசதுரை கிணற்றடி வாளியை எடுத்தான்.

“என்னை மன்னிச்சிடுங்கோ மச்சாள்...” புஸ்பராணி காலைப் பிடித்தாள்.

“என்ர கோவம் ஆறேல்ல. எழும்புங்கோ. அழுறதெண்டா அழுதுகொண்டே துணியை அவியுங்கோ!”

புஸ்பராணி அவித்தாள். இராசதுரை தண்ணீர் சுமந்தான். ஒன்பதாம் நாள் கோணாமலை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

புஸ்பராணி ஓடிவந்து இரத்தினேஸ்வரியைக் கட்டிக்கொண்டாள். இரத்தினேஸ்வரி அவளைத் தள்ளிவிடவில்லை. அவள் தோளில் முகம் புதைத்து, அழ ஒருவருமில்லாமல் போன தங்கத்துரைக்காக வாய்விட்டு அழுதாள்.