மாசி மகத்துக்கு ஒரு நீள லென்ஸ்

செல்போன் அலறியது!

ரெட்டியார்பாளையம் வீட்டில் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோன ஹெட் கான்ஸ்டபிள் பலராமன் பதறினார். திரையில் இன்ஸ்பெக்டர் கோவிந்தராசு!

"யோவ் பலராமா! நாளன்னிக்கு மாசி மகம். நெனப்பிருக்கா?"

"இருக்குங்கய்யா..."

"வைத்திக்குப்பம் பீச்சுல போன வருஷம் சங்கிலிய அறுத்துட்டான். அதுக்கு முந்தின வருஷமும் அறுத்தான். ரெண்டு வருஷமும் ட்யூட்டி நீ! இந்த வருஷமும் போச்சுன்னா..."

"அய்யா..."

"யானத்துக்குக் கெளம்பிடு! ஆர்டர் ரெடியா இருக்கு!"

கையிலிருந்த இட்லி தட்டிலேயே விழுந்தது.

யானம்! புதுச்சேரிக்குச் சொந்தமான ஊர்தான். ஆனால் இருப்பதோ ஆந்திராவுக்குள்ளே... ரயிலேறி ஒரு ராத்திரி போக வேண்டும். வைகாசியில் மகள் கலைவாணிக்குக் கல்யாணம். பந்தக்கால் நட அப்பன் அங்கிருந்தா ஓடி வருவான்? பலராமனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டேஷனுக்குப் போயும் அது நிற்கவில்லை.

"அழாதீங்க ஏட்டையா" என்றாள் சத்யப்பிரியா. புதிதாக வந்திருக்கும் சப்-இன்ஸ்பெக்டர். "போன தடவ வாடகைக் கேமரால நீங்க எடுத்த போட்டோவப் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு மேடம்?"

"திருடனா, தேங்கா மூட்டையான்னு தெரியல."

பலராமன் மறுபடியும் மூக்கை உறிஞ்சினார்.

"இந்த வருஷம் சொந்தமாவே வாங்கிடுவோம். ரெண்டு வருஷமும் வாடகைக்கு எடுத்தீங்களே, அதே கடைக்கு வண்டிய விடுங்க."

நேரு வீதி.

கடை முதலாளி புருஷோத்தமன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

பலராமன் ஒரு பெட்டியை ஆசையாகத் தூக்கினார். "மேடம், நூறு மடங்கு ஜூமாம்! வெலையும் கொறச்சல்!"

"அத கீழ வெய்யுங்க சார்" என்றார் புருஷோத்தமன். "முக்காவாசி டிஜிட்டல் ஜூம். எடுத்த படத்தையே இழுத்துப் பெருசாக்கும். பலூன்ல எழுதி ஊதுனா எழுத்து பெருசாகும்... தெளிவாகுமா?"

"ஆகாது..."

"தூரத்து மூஞ்சி தெளிவா வேணும்னா லென்ஸே நீளமா இருக்கணும். கூட்டம் அசையும், அதனால ஷட்டர் வேகமா அடிக்கணும். கை ஆடாம இருக்க ஒரு ஸ்டாண்டு. சரி... எங்கேர்ந்து எடுக்கப் போறீங்க?"

பலராமனுக்கு உற்சாகம் பிறந்தது. "பீச்சோரம் லாட்ஜு மாடி!"

"எதுவரைக்கும் தெரியணும்?"

"சாமிங்க நிக்கிற பந்தல் வரைக்கும்!"

"காலைலதானே? கடலப் பாத்து எடுத்தா எதிர்வெயில்ல மூஞ்சி கறுத்துடும். போன தடவ அதான் சொதப்பல். வடக்கால பந்தலப் பாத்து வெச்சுடுங்க."

"அப்படியே வெச்சிடறோம் மொதலாளி!"

என்ன மாதிரியான கேள்விகள்! தொழில் தெரிந்தவன் தெரிந்தவன்தான் என்று பலராமன் அசந்துபோனார். சத்யப்பிரியா பணத்தை எண்ணி வைத்தாள். முழங்கை நீள லென்ஸோடு கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

மாசி மகம்!

சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து பந்தலில் வரிசையாக நிற்க, வைத்திக்குப்பத்தில் மணல் தெரியாமல் ஜனம். லாட்ஜ் மாடியில் புதுக் கேமரா வடக்கே பார்த்து ஜம்மென்று நின்றது. அதன் பின்னால் கான்ஸ்டபிள் அய்யப்பன். தலையில் புதுச்சேரி போலீஸின் சிவப்புத் தொப்பி... காரைக்காலிலிருந்து பார்த்தாலும் தெரியும்!

கடலில் முழுகிய பெண்கள் ஈரப்புடவையைப் பிழிய ஒதுங்கும் இடம், அந்த லாட்ஜின் காலடி. சத்யப்பிரியாவும் பலராமனும் மஃப்டியில் அங்கே ஒரு சுண்டல் வண்டி மறைவில் நின்றார்கள்.

பலராமன் மாடியை அண்ணாந்து பார்த்தார். "மேடம்... கேமரா அங்க பாக்குது. நாம இங்க இன்னா பண்றோம்?"

"சுண்டல் சாப்புடறோம்."

"யானத்துல சுண்டல் கெடைக்குமா மேடம்?"

"உங்க மொபைல்ல கேமராவ ஆன் பண்ணி வெச்சுக்குங்க ஏட்டையா."

"இதுல ஜூமே சரியா..."

"ஐயோ! என் சங்கிலி!"

அலறியது மீன் விற்கும் அங்கம்மாள்... கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்! தலையில் ஈரத்துண்டோடு, முழுகி எழுந்த பக்தன் கோலத்தில் ஒருவன் நழுவினான்.

பலராமனின் விரல் தானாக அழுத்தியது.

க்ளிக்! க்ளிக்! க்ளிக்!

சத்யப்பிரியா காலை நீட்டினாள். அவன் மணலில் குப்புற விழுந்தான். அங்கம்மாள் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் அர்ச்சனை செய்தாள்.

பலராமன் துண்டை உருவினார்.

"மொ... மொதலாளி!"

புருஷோத்தமன்!

"எப்படி மேடம்?!"

"ரெண்டு வருஷமும் கேமரா பாக்காத எடத்துலதான் சங்கிலி போயிருக்கு. கேமரா எங்க பாக்கும்னு நம்மளத் தவிர யாருக்குத் தெரியும்? லென்ஸ் குடுத்தவருக்கு! எங்க நிப்பீங்க, எந்தப் பக்கம்னு கேக்காம லென்ஸு விக்க முடியாது. அவரு கேட்டாரு... நீங்க திட்டத்தையே ஒப்பிச்சீங்க. நீள லென்ஸுக்குக் காலடி தெரியாது. அதான் நேரா காலடிக்கே வந்துட்டாரு."

"எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்!"

"சொல்லியிருந்தா, கடைல உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்."

பலராமன் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். பந்தக்கால் நடும்போது அப்பன் ஊரில்தான் இருப்பான்!

விலங்கு மாட்டிய கையோடு புருஷோத்தமன் மொபைலை எட்டிப் பார்த்தார். மீசை முடியும், விரலில் சுற்றிய சங்கிலிக் கண்ணியும் துல்லியமாக விழுந்திருந்தன. தொழில் புத்தி விடுமா?

"இவ்ளோ ஷார்ப்பா... எந்த லென்ஸ் சார்?"

"பொண்ணு தூக்கிப் போட்ட பழைய மொபைலு! திருடனே பக்கத்துல வந்து நின்னா எதுல எடுத்தாலும் ஷார்ப்புதான் மொதலாளி. அந்த நீள லென்ஸுக்கு இனிமே வேல இல்ல... இப்பவே திருப்பி எடுத்துக்கறீங்களா, இல்ல ஜெயில்லேர்ந்து வந்தப்புறம் கொண்டாரவா?"