புது மீனுக்குத் தனிச் சட்டி

"கையை எடுங்க. நான்தான் முதல்ல தொட்டேன்."

பூரணம் கோபமாகத்தான் சொல்ல நினைத்தாள். அதற்குக்கூடத் தெம்பு இல்லை. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நின்றே பாடம் நடத்தியது போதாதென்று, ராத்திரியெல்லாம் அடுத்தவர் ரவிக்கைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்திருக்கிறாள். சனிக்கிழமை காலையில் நடுரோட்டில் ஒரு ஆணோடு மல்லுக்கு நிற்க வேண்டுமென்று தலையில் எழுதியிருந்தால் என்ன செய்வது...

சிராங்கூன் ரோட்டோரம் சீனக் கிழவர் தோளில் மீன் சுமந்து வந்த காவடியை இறக்கி வைத்திருந்தார். விற்றது போக ஒரே ஒரு தங்கமீன்தான் மிச்சம். சிவப்பும் வெள்ளையுமாக, வாலைப் பாவாடைபோல விரித்துக்கொண்டு கண்ணாடிக் குப்பிக்குள் சுற்றியது. குப்பியின் ஒரு பக்கம் இவள் விரல். மறுபக்கம் அவன் விரல்.

நிமிர்ந்து பார்த்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கக்கத்தில் கறுப்புக் குடை. கண்கள்... அடடா, அவையும் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. சிவந்து, இறங்கி, ஆனாலும் சிரிக்கத் தயாராக இருந்தன.

"நீங்களே கொண்டு போங்கோ," என்று கையை எடுத்தான். யாழ்ப்பாணத்துப் பேச்சு. "ஆனா ஒண்டு சொல்லட்டோ? வீட்டை போனவுடன மற்ற மீன்களோட விட்டிடாதேங்கோ. வேற சட்டியில கொஞ்ச நாள் தனிய வையுங்கோ. நோய் ஒண்டும் இல்லையெண்டு தெரிஞ்ச பிறகு சேர்க்கலாம்."

"வித்தவரே ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு எதுக்குக் கவலை?"

"கப்பல்ல வாற சனத்துக்கும் நான் இதைத்தான் சொல்லுறது. அவையும் உங்களை மாதிரித்தான் முறைப்பினம்."

அந்த நேரம் பார்த்துப் பொலபொலவென்று மழை. அவன் பதறிப்போய்க் குடையை விரித்தான்... குப்பிக்கு மேலே.

"மீன் நனைஞ்சிடும்னா பிடிக்கிறீங்க?" என்றாள் பூரணம்.

அவன் காது சிவந்துவிட்டது. குடையை மெல்ல அவள் தலைப்பக்கம் நகர்த்தினான். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டே அவள் டிராம் நிற்கும் இடம்வரை அதன் கீழே நடந்தாள். பெயர் ஏரம்பமூர்த்தியாம். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் டிராம் வந்துவிட்டது.

வீட்டில் அப்பா சேதுபதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கப்பல் கிடங்கில் சாமான் எண்ணிய மனிதர், பக்கவாதம் வந்து கட்டிலோடு சரிந்துவிட்டார். கட்டிலை ஒட்டிய சீனச் சாடியும் அதிலுள்ள மீன்களும்தான் அவருக்கு உலகம். அவற்றில் மூத்தது செத்த நாளிலிருந்து சோற்றை வாயில் வாங்கவில்லை. அந்த இடத்துக்கு ஒன்று வந்தால் மனசு திரும்புமோ என்றுதான் பூரணம் கடைசித் துட்டோடு ஓடினாள்.

"ராகுகாலம் பிறக்கப் போவுது, சீக்கிரம் விடுடி," என்று அம்மா பாக்கியலட்சுமி ஆலம் கரைத்துக்கொண்டு வந்தாள். "வீடு தேடி வந்ததை யாராச்சும் வெளியில நிறுத்தி வெப்பாங்களா?"

அவன் சொன்னது பூரணத்துக்கு நினைவிருந்தது. ஆனால் தனிச் சட்டி தேட வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும், அம்மாவோடு வாதாட வேண்டும்... யாரால் ஆகும்? ஆலம் சுற்றி முடிந்ததும் குப்பித் தண்ணீரோடு மீனைச் சாடியில் கவிழ்த்துவிட்டாள். அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு வாய் கஞ்சி குடித்தார். அது போதும் என்றிருந்தது.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. புது மீனின் மேல் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் மற்றவற்றின் மேலும். எல்லாம் சாடிச் சுவரில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்தன. அப்பா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த மீன்கள் போனால் இவரும் போய்விடுவார் என்பதை அம்மாவும் மகளும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாமலே தெரிந்தது.

மீன்காரரிடம் ஓடி அந்தக் குடைக்காரனைப் பற்றி விசாரித்தாள். அவர் கடல் பக்கம் கையைக் காட்டினார். நோயோடு வரும் கப்பல் ஆட்களைத் தனியாக நிறுத்தி வைக்கும் தீவில் அவன் கிளார்க்காம். சாயங்காலம் படகுத்துறையில் போய் நின்றாள். படகிலிருந்து அவன் இறங்கியதும் துறையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். மரியாதைக்காக அல்ல, பயத்தில். அதைப் பார்க்க அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

"விட்டிட்டியள், என்ன?" என்றான் அவன்.

"விட்டுட்டேன்..." கண் கலங்கிவிட்டது.

"ராகுகாலமோ?"

"எப்படித் தெரியும்?"

"கப்பல்காரரும் நல்ல நேரம் பார்த்துத்தான் தீவை விட்டு ஓடப் பாக்கிறவை. அழாதேங்கோ, நடவுங்கோ. பாப்பம்."

வாசலில் அம்மா மறித்தாள். எங்கே வேலை என்று கேட்டாள். அவன் ஒளிக்காமல் சொன்னான். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அங்கேயே நில்லுங்க தம்பி," என்றாள். வந்த மீனுக்கு ஆலம் சுற்றி உள்ளே விட்ட வீடு, வந்த மனுசனைச் சாக்கடையோரம் நிறுத்தியது. பூரணத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவன் கோபப்படவில்லை. பின் சந்துக்குச் சுற்றி வந்து, அங்கே நின்றபடியே சொன்னான். மீன்களைப் பிரித்துத் தனித்தனிச் சட்டியில் விடச் சொன்னான். முதல் நாளே இறைத்து வைத்த தண்ணீரில் துளி கல்லுப்பு. சட்டிக்கு ஒரு சிரட்டை, மாற்றி முக்கக் கூடாது. கையைக் கழுவாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. சாடியைக் கொட்டிக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். புது மீனோடு வரும் தண்ணீரை எந்தக் காலத்திலும் உள்ளே ஊற்றக் கூடாது.

"இவ்வளவையும் நான் ஒருத்தியே செய்யணுமா?"

"நான் நாளைக்கும் வாறன். திட்டுறதெண்டா என்னைத் திட்டுங்கோ, களைப்புக் குறையும்."

சொன்னபடி தினமும் வந்தான். தீவிலேயே குளித்து மாற்றுடை உடுத்தித்தான் வருவான். அவள் தண்ணீர் மாற்றுவாள். அவன் சந்திலிருந்து வேலை ஏவுவான்.

"பெரிய துரை. ஒரு வாளி தூக்க முடியுதா உங்களால?"

"உள்ள விட்டா பத்து வாளி தூக்குவன்."

அவள் அடுத்த வாளியை எடுக்கப் போய்விடுவாள். ஒருநாள் அவனே சொன்னான். ஊரிலிருந்து வந்த சம்பந்தங்களெல்லாம் தீவு என்றதும் திரும்பிப் போயினவாம். "உங்கட அம்மாவில எனக்குக் கோவமில்லை. நானும் தினம் சனத்தை அப்பிடித்தானே நிறுத்துறன்..." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அன்று ராத்திரி அவள் சட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

மீன்களில் ஒன்று செத்தது. மற்றவை தேறின. புள்ளிகள் உதிர்ந்து பழைய மினுமினுப்பு வந்தது. அப்பா கட்டிலிலிருந்து கையை நீட்டிச் சட்டிகளைத் தொடத் தொடங்கினார். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து ஒன்றாக விடலாம் என்று சொல்லிவிட்டுப் போனவன்... பிறகு வரவேயில்லை.

முதல் இரண்டு நாள் அவளுக்குக் கோபம். அப்புறம் பயம். மீன்களைச் சாடியில் சேர்த்தபோது அப்பா சோறு கேட்டார். வாய் கோணினாலும், "சோறு," என்றது தெளிவாகக் கேட்டது. ஊட்டிவிட்ட அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தம்பியை ஏன் காணோம்? போய்ப் பாரு. வந்தா உள்ள வரச் சொல்லு," என்றாள்.

துறையில் ஒரே மழை. தீவுப் படகு கரையை அணையாமல் தள்ளியே நின்றது. கூலியாட்கள் அரிசி மூட்டைகளைக் கயிற்றில் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். படகின் முனையில் ஏரம்பமூர்த்தி நின்றான். மெலிந்துபோயிருந்தான்.

"கிட்ட வராதேங்கோ," என்று அங்கிருந்தே கையை உயர்த்தினான். "அம்மை வந்த கப்பல். நாங்கள் ஒருத்தரும் கரையில கால் வைக்கேலாது. அப்பா சாப்பிட்டாரோ?"

"சாப்பிட்டார். அம்மா உங்களை வீட்டுக்குள்ள வரச் சொல்றாங்க."

அவன் உயர்த்திய கையை இறக்கினான். பிறகு, "இந்தக் கப்பல் முடிய முந்தி இன்னொண்டு வரும். என்ர வேலை அப்பிடி. எனக்காகக் காத்திருக்காதேங்கோ பூரணம்... நீங்கள் ஏற்கனவே களைச்சுப்போன ஆள்," என்றான்.

படகின் இயந்திரம் இரையத் தொடங்கியது. மெதுவாகச் சொல்லவோ, வெட்கப்பட்டுத் தரையைப் பார்க்கவோ நேரமில்லை. சுற்றிலும் அத்தனை ஆண்கள். நிற்கட்டும், யாருக்கென்ன?

"ஆமா, களைச்சுத்தான் போயிருக்கேன்," என்று கத்தினாள். "தினம் சந்துல நின்னு அதட்டுவீங்களே, அப்ப மட்டும்தான் அது தெரியாது. எத்தனை கப்பல் வந்தாலும் வரட்டும். நீங்க அங்க இருந்தா நான் இங்க இருப்பேன். எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு. கேக்குதா?"

மூட்டை தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அவன் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தான். மழையா, வேறா... தெரியவில்லை.

"கேட்டுது," என்று அவனும் கத்தினான். "எண்டாலும் இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவள் சொன்னாள்.