ஸ்பேர் ஆள்

நாமக்கல் பஸ் மலையேறிச் செம்மேட்டில் வந்து நின்றபோது மத்தியானம் மணி இரண்டுதான். ஆனாலும் கண்டக்டர் உள்விளக்கைப் போட்டிருந்தார். பனி அப்படி இறங்கியிருந்தது. ராதிகா கீபோர்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தூங்கும் குழந்தையோடு இறங்குகிறவளைப் போல ஒவ்வொரு படியாக இறங்கினாள். தோளில் இன்னொரு பை தொங்கியது. அதில் இரண்டு மைக், நாலு சுருள் ஒயர், அடாப்டர், பேட்டரி.

எல்லாம் ஸ்பேர்.

மெல்லிசைக் குழுவின் வேன் காலையிலேயே மலையேறிவிட்டது. "வேன்ல எடம் பத்தாது கண்ணு, நீ பஸ்ஸுல வந்துரு" என்று சொல்லியிருந்தார் பாலசுப்பிரமணியம். குழுவை நடத்துகிறவர் அவர்தான். ஆறு வருஷம் அதே வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து போனவள் ராதிகா. அப்போது குழுவின் கீபோர்டு அவள். பிரசவத்துக்குப் போய் எட்டு மாதம் கழித்துத் திரும்பியபோது அவள் இடத்தில் விவேக் இருந்தான். இருபத்துநாலு வயது. கட்டைகளைப் பார்க்காமலே வாசிப்பான். பக்கத்தில் இருப்பவரோடு சிரித்துப் பேசிக்கொண்டே வாசிப்பான்.

"உன்னைய எப்படி உட்ருவேன்? ஸ்பேரைப் பாத்துக்க கண்ணு" என்றார் பாலசுப்பிரமணியம்.

அன்று முதல் மேடையோரம் ஒரு கீபோர்டை விரித்து, ஒயர் மாட்டி, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு நிற்பது அவள் வேலை. விவேக்கின் கீபோர்டு மக்கர் செய்தால் இரண்டே நிமிடத்தில் இதைத் தூக்கி அவன் முன்னால் வைக்க வேண்டும். பதினோரு மாதமாக அது ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை.

செய்யாதா என்று அவள் ஏங்காத நாளும் இல்லை.

மண்டபம் குண்டூர் நாடு என்கிற மலைக்கிராமங்களுக்குப் போகிற ரோட்டில், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே இருந்தது. செம்மேட்டில் அரசு வேலையில் இருக்கும் ஆரோக்கியமேரியின் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாண வரவேற்பு. கீழேயிருந்து வந்த சொந்தக்காரர்கள் இருட்டுக்குள் மலையிறங்க வேண்டும் என்று மத்தியானமே வைத்திருந்தார்கள். மேடையில் விவேக் ஏற்கெனவே வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ராதிகாவைப் பார்த்ததும், "வாங்கக்கா, டீ குடிச்சீங்களா?" என்றான். அவன் அன்பாகக் கேட்டதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

மேடையின் இடப்பக்கம் கறுப்புத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். ஸ்பேர் எப்போதும் அங்கேதான். துணியை விலக்கி உள்ளே போனாள்.

ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. தரையில் கிடந்த ஒயர்களை ஒரே அளவு வளையங்களாகச் சுற்றிக்கொண்டிருந்தான். பெட்ரோலும் மக்கிய இலையும் கலந்த வாடை வந்தது.

"இங்கதானுங்க. வைய்யுங்க" என்றான் மெதுவாக.

"நீங்க மைக் செட்டுக்காரருங்களா?"

"ஸ்பேருங்க."

ராதிகாவுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளூர்ச் செட்டுக்காரர்களின் ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஸ்டாண்டை விரிக்க அவன் ஒரு பக்கம் பிடித்தான். இரும்பு அவன் பிடித்த பக்கம் மட்டும் சில்லிட்டது. மலைக்குளிர்.

"எத்தன வருசமா தூக்கறீங்க?" என்று கேட்டாள்.

"ஒம்பது வருசம் தூக்குனனுங்க. ஒரு பாட்டு வாசிக்க உடுல."

அவளிடம் இப்படிப் பேச இதுவரை யாரும் இருந்ததில்லை.

மூன்றரைக்குக் கச்சேரி தொடங்கியது. நாலாவது பாட்டின் நடுவே கீபோர்டுக்கு மட்டும் ஒரு நீண்ட பகுதி உண்டு. அதை அமைத்தவளே ராதிகாதான். மூன்று இரவு தூங்காமல் உருவாக்கியது. விவேக் அதை எடுத்தான். முதல் பாதியை அப்படியே வாசித்தான். பிறகு யாரும் எதிர்பாராத ஒரு பக்கம் திருப்பி, எங்கெங்கோ கொண்டுபோய், தாளம் விழும் இடத்தில் சரியாகக் கொண்டுவந்து இறக்கினான். கூட்டம் விசிலடித்தது. மணப்பெண்ணே எழுந்து நின்று கைதட்டினாள்.

ராதிகா துணியோரம் நின்று பார்த்தாள். அவள் விரல்கள் தொடையில் அவனைப் பின்தொடரப் பார்த்துத் தவறின.

"நல்லா வாசிக்கறானுங்க."

காதுக்கு மிக அருகில் கேட்டது அந்தக் குரல்.

"உங்களவிட நல்லா."

ஜன்னல் வழியாகப் பனி மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தது. கடைசி வரிசை நாற்காலிகள் மங்கலாயின. பெட்ரோல் வாடை கூடியது.

"அவன எறக்கிரலாமுங்களா?"

வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்ததாகத்தான் பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் கண் விவேக்கின் விரல்களை விட்டு நகரவில்லை.

"ம்" என்றாள்.

விவேக் அலறவில்லை. கட்டைகளின்மேல் கைகள் ஒட்டிக்கொண்டதுபோல ஒரு கணம் விறைத்து நின்றான். பிறகு யாரோ பிடித்துத் தள்ளியதைப்போலப் பின்னால் போய் விழுந்தான்.

முடி கருகும் நாற்றம்.

ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள். அவன் வலதுகையில் இரண்டு விரல்கள் நுனியில் கறுத்திருந்தன. நினைவு இருந்தது. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலெக்ட்ரீஷியன் ஒயரையெல்லாம் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தலையைச் சொறிந்தபடி மெயினை மறுபடி போட்டார். கும்பிடாத குறையாக ஆரோக்கியமேரி வந்து நின்றார்.

"ஒரு நாலு பாட்டாவது பாடி முடிச்சுருங்க. விசேசம் இப்படிப் பாதியில நிக்கக்கூடாதுங்க."

பாலசுப்பிரமணியம் ராதிகாவைப் பார்த்தார். "பேட்டரியில வாசி. கீபோர்டுக்குக் கரண்டே வேண்டாம். ஏறு கண்ணு."

அவள் ஏறினாள்.

முதல் பாட்டில் அவளுக்கு வெட்கம்கூட வரவில்லை. பதினோரு மாதப் பசி. விரல்கள் தாமாக ஓடின. கூட்டம் தலையாட்டியது. விவேக்கை அந்த நாலு நிமிடமும் மறந்தே போனாள்.

இரண்டாவது பாட்டில் தற்செயலாக இடப்பக்கம் திரும்பினாள்.

கறுப்புத் துணியோரம், அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில், அந்த ஈரச் சட்டைக்காரன் நின்றிருந்தான்.

தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. தானாகச் சாய்த்த சாய்வு இல்லை அது, கழுத்து ஒடிந்த சாய்வு. கண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தன. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். பதினோரு மாதமாக அவள் பார்த்த பார்வை அது.

பாடகர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், காலடியில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து அவன் குரல் மெதுவாக வந்தது.

"நீங்களும் மேல போயிட்டீங்க. இப்ப நான் மட்டுந்தானுங்க ஸ்பேரு."

அவள் மறுபடி பார்த்தபோது துணியோரம் யாரும் இல்லை.

விரல்களுக்கு அடியில் குளிர்ந்தது.

கட்டை இல்லை அது. கட்டைக்கும் அவள் கைக்கும் நடுவே இன்னொரு கை. ஈரமான, மண் ஒட்டிய கை. அவள் அழுத்தாத இடங்களில் கட்டைகள் இறங்கின. மண்டபம் முழுக்கக் கேட்ட இசை அவளுடையது அல்ல. அவள் கனவில்கூட வாசித்திராத ஒன்று. கூட்டம் எழுந்தே நின்றுவிட்டது. அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவளுக்குள் ஓர் எண்ணம் ஓடியது.

இவன் என்னைவிட நன்றாக வாசிக்கிறான்.

அந்த எண்ணம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவள் வலதுகைச் சுண்டுவிரல் மெல்ல மேலே தூக்கப்பட்டது. பின்பக்கமாக வளைந்தது. அடுத்து மோதிரவிரல்.

கத்திக்கொண்டு கைகளை உருவினாள். பின்னால் சாய்ந்து விழுந்தாள்.

யாரும் தொடாத கீபோர்டு அந்த அடியை வாசித்து முடித்துவிட்டுத்தான் நின்றது.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளையன் வெந்நீர் கொண்டுவந்து அவள் கையை அதில் வைத்தார். சுண்டுவிரல் வீங்கித் தடித்திருந்தது.

"மறைப்புல ஈரச் சட்டையோட இருந்தாரே, அவரு யாருங்க?" என்று கேட்டாள் ராதிகா.

வெள்ளையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"பேரு கேட்டீங்களா அம்மிணி?"

"இல்லீங்க."

"சின்னராசு. பன்னண்டு வருசமாச்சுங்க. கீழயிருந்து ஒரு கச்சேரி செட்டோட வந்தவன். வேன்ல எடமில்லைன்னு சொல்லி, ஸ்பேரு சாமானைக் கட்டிக்கிட்டு மொபெட்டுல பின்னால வந்திருக்கான். அந்தா, அந்த வளைவுல பனியில வழி தெரியாம உழுந்துட்டான்."

"யாரும் தேடலீங்களா?"

"அன்னிக்குக் கச்சேரி நல்லாத்தான் நடந்துச்சுங்க. ஒரு சாமானும் கெடல. ஸ்பேரே தேவப்படல. மூட்ட கட்டறப்பத்தான் 'சின்னராசு எங்க'ன்னு கேட்டாங்க." வெள்ளையன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "மூணு மணி நேரம் உசுரு இருந்திருக்கும்னாங்க. இங்க பாடுனா அந்தப் பள்ளம் வரைக்கும் கேக்குமுங்க அம்மிணி."

அடுத்த வாரம் ராதிகா விவேக்கைப் போய்ப் பார்த்தாள். விரல்கள் பிழைத்துக்கொண்டன. ஆனால் பழையபடி மடங்கப் பல மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த 'ம்' உட்பட. விவேக் கட்டுப்போட்ட கையால் அவள் தோளைத் தொட்டுச் சிரித்தான். "கரண்டு அடிச்சதுக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க?" என்றான். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஸ்பேர் கீபோர்டைப் பாலசுப்பிரமணியத்தின் வீட்டில் ஒப்படைத்தாள். இனி எந்த மேடைக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் பாட்டுச் சத்தம்.

"வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டியே கண்ணு!" பாலசுப்பிரமணியத்தின் குரலில் மகிழ்ச்சி. "நாங்க ஆத்தூரு வந்து சேர்றதுக்குள்ள ஸ்பேரு எல்லாம் செட்டாகி நிக்குது. நீ எங்க நிக்கிற?"

"அண்ணா, நான் ஊட்டுல இருக்கேன்."

"வெளையாடாத. சரி, புதுசா அருணான்னு ஒரு புள்ளையப் போட்டிருக்கேன். கேளு, எப்படி வாசிக்குதுன்னு கேளு. விவேக்கெல்லாம் கிட்ட நிக்க முடியாது."

கேட்டது. ராதிகா மூன்று இரவு தூங்காமல் அமைத்த அதே பகுதி. அதை அந்தப் பெண் அவ்வளவு சுலபமாக, அவ்வளவு அழகாக வாசித்துக்கொண்டிருந்தாள். ராதிகாவின் விரல்கள் சோற்றுத் தட்டில் அதைப் பின்தொடரப் பார்த்துத் தவறின.

"இரு கண்ணு" என்றார் பாலசுப்பிரமணியம். "உன்னோட வந்த ஆளு பக்கத்துலயே நிக்கிறாரு. ஒடம்பெல்லாம் நனைஞ்சிருக்கு, பாவம். என்னமோ கேக்கறாரு."

அவர் போனை வாயிலிருந்து விலக்கிப் பேசியதும், மறுபடி அருகில் கொண்டுவந்ததும் கேட்டது.

"'எறக்கிரலாமுங்களா, அக்கா என்னங்க சொல்றாங்க'ன்னு கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?"

வேண்டாம் என்று சொல்ல ராதிகா வாயைத் திறந்தாள்.

அங்கே அந்தப் பெண் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள்.