துரியத்தில் இருப்பவரைத் தொடாதீர்கள்

ஹம்சாவின் முகத்தில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. கன்னத்தைக் கடந்து, பாதி திறந்திருந்த இமையோரத்தில் சற்றுத் தயங்கி, ஈரமான வெள்ளை விழிமேல் கால் வைத்தது. ஹம்சா இமைக்கவில்லை.

சௌந்தரராஜன் மட்டும்தான் அதைப் பார்த்தார். அல்வாலில் அவர் வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை தியானம். ஊதுவத்திப் புகையும் வாடிய மல்லிகையும் பத்துப் பேரின் மூச்சும் கலந்த புழுக்கத்தில் மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. கொஞ்சம் முன்புதான், "தூக்கமா, துரியமா சார்?" என்று ஹம்சாவின் கணவன் பிரசன்னா கேட்க, "துரியம்தான், யாரும் தொடாதீங்க" என்று இவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் மூன்றையும் தாண்டிய நான்காம் நிலையாம் துரியம். தலை தொங்கினால் தூக்கம், முதுகு நிமிர்ந்திருந்தால் துரியம் என்று பிரித்துக் காட்டியவரும் இவரே. பாலாநகர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்றவருக்குத் துரியமாவது, மண்ணாங்கட்டியாவது! முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்து, சால்வையால் மூடி, வாராவாரம் உட்கார்ந்தபடியே தூங்கினார். அவர் குறட்டையைப் பிரணவம் என்று கும்பிட்டார்கள். இவரும் மறுக்கவில்லை.

"டாக்டரைக் கூப்பிடவா சார்?" பிரசன்னா மறுபடி கேட்டான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் இத்தனை நாள் நடித்ததெல்லாம் வெளுத்துவிடும்.

"நக்கோப்பா, வேணாம். கலைச்சா ஆபத்து."

"ஹவ் சார், சரி." பிரசன்னா நம்பிக்கையோடு கைகூப்பினான். அந்த நம்பிக்கை அவரைக் கூசவைத்தது.

ஆசீர்வதிப்பதுபோல் அவள் முகத்தருகே கையை நீட்டினார். மூக்கின் கீழே விரல். காற்று இல்லை. மேலுதடு சில்லென்றிருந்தது.

தன் மானம் போனால் போகட்டும். கத்திவிட வேண்டும். கை நீட்டியபடியே நின்றுவிட்டது. நாக்கு அசையவில்லை. முழு பலத்தையும் திரட்டி, "மூச்சில்லை" என்று கத்தினார்.

தொண்டையிலிருந்து குறட்டை வந்தது.

"பிரணவம்!" யாரோ மெய்சிலிர்த்தார்கள்.

மறுபடி கத்தினார். மறுபடி குறட்டை.

பிரசன்னா அவருடைய சால்வையைப் பதமாகச் சரிசெய்தான். "ரெண்டு பேருமே போயிட்டாங்க. யாரும் தொடாதீங்க."

விளக்கை ஒருவர் தணித்தார். கதவை ஒருவர் ஓசைப்படாமல் சாத்தினார்.

எறும்பு ஹம்சாவின் முகத்தை விட்டு, நீட்டிய விரல் வழியே வந்தது. முழங்கை. தோள். கழுத்து.

கன்னம்.

இமைக்க முயன்றார்.