கன்டெய்னருக்குள் ஏறும் ஈரம்

கன்டெய்னருக்குள் வைத்திருந்த ஈரமானி ஜெபசுதாவின் போனுக்கு நிமிடத்துக்கு ஒரு எண் அனுப்பிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கதவை அடைத்துச் சீல் வைத்தபோது உள்காற்றின் ஈரம் ஐம்பத்தாறு சதவீதம். இப்போது பகல் பதினொரு மணிக்கு எண்பத்தொன்று. வெயிலுக்கும் பனிக்கும் இரண்டு மூன்று புள்ளி ஆடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இது பன்னிரண்டு நிமிடம் ஏறியது, பன்னிரண்டு நிமிடம் இறங்கியது, மறுபடி ஏறியது, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட ஒரு புள்ளி கூடுதலாக.

உப்பளங்களுக்கு நடுவே இருந்த அந்த நாய்த்தீவன ஆலையில் தரம் பார்ப்பது அவள் வேலை. மீன்தூளும் மக்காச்சோளமும் சேர்த்துச் செய்யும் உருண்டையில் ஈரம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், தின்ற நாய்க்கு ஈரல் போய்விடும். டிரையர் பாதி செத்துக் கிடந்த இந்த வாரத்தில் பதின்மூன்று வந்தது. மேனேஜர் காசிலிங்கம் அவள் மேசைக்கு எதிரே வந்து நின்று, கப்பல் உனக்காகக் காத்திருக்குமா என்று கேட்டார். அவள் சாம்பிளை மட்டும் எடுத்து டிரையர் மூடிமேல் கால் மணி நேரம் காயப்போட்டு, ஒன்பதரை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். தன் மூஞ்சியிலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனாலும் போட்டாள்.

அந்தச் சரக்குதான் கன்டெய்னரில் அடைபட்டு, இழுத்துப்போக டிரெய்லர் வராமல் ஆலை முற்றத்தில் கிடந்தது. பதின்மூன்று சதவீதம் பூஞ்சை பிடிக்கப் போதும், ஆனால் அதற்கு நாள் கணக்காகும். ஒரே ராத்திரியில் இப்படி ஏறவேண்டுமென்றால் உள்ளே உயிருள்ள ஏதாவது மூச்சுவிட வேண்டும், வியர்க்க வேண்டும். அப்படி நினைத்த பிறகுதான் லோடுமேன் இன்பமணி காலையிலிருந்து கண்ணில் படவில்லை என்பது உறைத்தது. ஏற்றி முடித்ததும் மூட்டை மேல் ஏறி ஓரமாகச் சுருண்டு தூங்குவான் அவன், எத்தனை திட்டினாலும் கேட்கமாட்டான். குலசைத் தசராவுக்கு வேஷம் கட்டப் போயிருப்பான் என்றார்கள் மற்றவர்கள். அவன் பைக் ஷெட்டில் நின்றது. போன் அணைந்திருந்தது.

வெயிலில் முற்றத்துச் சிமெண்டுத் தரை செருப்பையும் தாண்டிச் சுட்டது, உப்புக் காற்று உதட்டை எரித்தது, மீன்தூளின் முடை தொண்டைவரை வந்து நின்றது, ஆனால் கன்டெய்னரின் தகரத்தில் கை வைத்தபோது அது குளிர்ந்து நசநசவென்று இருந்தது, ஜுரம் விட்ட உடம்பைத் தொட்டது போல. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே சாக்கு சாக்கோடு உரசும் சத்தம், மெதுவாக, இழுத்து இழுத்து. மூன்று தடவை தட்டினாள். சத்தம் நின்றது.

காசிலிங்கத்தின் அறைக்கு ஓடினாள். உள்ளே ஆள் இருக்கிறது, கதவைத் திறக்க வேண்டும் என்றாள். அவர் தலையே நிமிரவில்லை. சீலை உடைத்தால் சரக்கை மறுபடி சோதிக்கச் சொல்வார்கள், அப்போது உன் ஒன்பதரை என்னாகும் என்றார்.

"காயவச்சுதான் டெஸ்ட் பண்ணேன் சார். நானே எழுதித் தாரேன். அவன் செத்துருவான்."

"எழுது. நான் சொல்லி செஞ்சேன்னு ஒரு வார்த்த இருக்கப்பிடாது."

எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். வேலை போச்சு, இனி இந்த ஊரில் எந்த ஆலையிலும் சேர்க்கமாட்டார்கள், போனால் போகட்டும். அவர் தாளை இரண்டு தடவை வாசித்து மடித்துப் பையில் வைத்தபிறகுதான் கட்டரோடு கிளம்பினார்.

சீல் உடைந்தது. கதவு ஒட்டிக்கொண்டு வரமறுத்து, பிறகு வந்தது. இனிப்பும் அழுகலும் கலந்த ஒரு ஈர வாடை முகத்தில் அடித்தது. கதவுவரை மூட்டைகள், எல்லாவற்றின் மேலும் பால் ஆடை மாதிரி ஒரு வெள்ளைப் பூஞ்சை. ஆள் இல்லை. மூட்டைகளுக்கு மேலிருந்த இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கடைசிவரை யாரும் இல்லை.

அப்போது ஆலை கேட்டைத் தாண்டி இன்பமணி நடந்து வந்தான். கழுவியும் போகாத சாயம் காதோரம். குலசைக்கு வேனில் போனானாம், போனில் சார்ஜ் இல்லையாம். ஜெபசுதாவுக்கு அழுகை முட்டியது. அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது, அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும் போலவும் இருந்தது.

காசிலிங்கம் சிரித்தார். பிறகு அவனிடம் திரும்பினார்.

"ஏலே, உன்னாலதான் சீலு போச்சு. ஏறி உள்ள போ. எத்தன மூட்ட கெட்டிருக்குன்னு பாத்து வா."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று கேட்டால் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. அவன் அதற்குள் ஏறிவிட்டான். இடைவெளியில் தவழ்ந்து போனான். பாதம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

"இன்பமணி."

இடைவெளிக்குள் டார்ச்சை நீட்டினாள்.

மூட்டைகள் மூச்சுவிட்ட வயிறு மாதிரி உள்வாங்கின. எல்லாம். ஒரே நேரத்தில். கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு மெல்லப் புடைத்தன.

"யக்கா."

அவன் குரல்தான். மேலே இடைவெளியிலிருந்து வரவில்லை. கதவோரம், அவள் முழங்கால் உயரத்தில், அடி வரிசை மூட்டைக்குள்ளிருந்து.

"காத்து படுதுக்கா. காயுது. கதவ சாத்துங்க."

காசிலிங்கம் வெளிறிப்போய்க் கதவைத் தள்ளினார். அவள் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். விடவில்லை. உள்ளே ஆள் இருக்கிறது. இப்போது நிஜமாகவே இருக்கிறது.

"கைய எடுங்கக்கா."

இந்தத் தடவை எல்லா மூட்டையிலிருந்தும் கேட்டது. கெஞ்சவில்லை. நிதானமாக இருந்தது. கதவு விளிம்பில் இருந்த அவள் விரல்கள்மேல் ஈரமாக ஒன்று வந்து படிந்தது, ஒவ்வொரு விரலாகப் பிரிக்க ஆரம்பித்தது.