சரிவைப் பார்த்த அம்பு

வெர்னுசாக் என்ற பிரெஞ்சு மலைக்கிராமத்தில் கிளோவிஸ் வாத்தியார் நடந்து போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ரொட்டி வாங்கப் போனாலும் ஓடித்தான் போவார். அப்படிப்பட்டவர் அந்த வியாழக்கிழமை மதியம், இடது காலில் மாவுக்கட்டோடு, இரண்டு ஊன்றுகோல்களில் தொங்கிக்கொண்டு ரெஜின் எஸ்பினாஸின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

ரெஜின் அந்த வட்டாரத்து ஆடு மாடுகளுக்கு வெகுகாலம் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கே வலிக்கிறது என்று வாயால் சொல்லத் தெரியாத நோயாளிகளோடு பழகியவர் என்பதால், காதில் விழுவதைவிடக் கண்ணில் படுவதையே அதிகம் நம்புவார். போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகும் ஒரு விஷயம் தெளிவாகாவிட்டால், ஊரார் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

அப்போது ஃபொஸ்தேனும் அங்கே இருந்தாள். சந்தைத் திடலில் காபிக்கடை வைத்திருப்பவள். வியாழன் மதியம் கடை கிடையாது. எந்த வழக்கிலும் ரெஜினுக்கு முன்னால் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

"டாக்டரம்மா, என்னைப் பள்ளத்துல விழ வச்சது ஆட்டுக்கார ஃபிர்மேன்னு ஊரே சொல்லுது. எனக்கு மட்டும் நம்பிக்கை வரல," என்றார் கிளோவிஸ், நாற்காலியில் காலை நீட்டியபடி.

"ஏன்?"

"அவர் நாய்தான் என்னைக் கண்டுபிடிச்சுது. அவர்தான் பள்ளத்துல இறங்கி என்னை முதுகுல தூக்கினார். டிராக்டர்ல படுக்கப் போட்டுட்டு, ஆஸ்பத்திரி வண்டி வர்ற வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே இருந்தார். 'எதுக்குடா ஓடறீங்க, உங்களை யாராவது துரத்தறாங்களா'ன்னு. தள்ளிவிட்டவனுக்கு அவ்வளவு கோபம் வராதுங்க."

ஃபொஸ்தேன் சிரித்தாள். ரெஜின் சிரிக்கவில்லை. "முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார்.

ஊர் ஓட்டக் குழு காட்டில் மஞ்சள் பெயின்டால் குறி போட்டு ஓட்டப் பாதைகள் அமைத்திருந்தது. அவற்றில் நீளமானது ஊரிலிருந்து மேடேறி, ஓங்கி வளர்ந்த, அகல இலை கொண்ட பீச் மரக்காட்டைக் கடந்து, மறுபக்கச் சரிவில் சிற்றாலயத்துக்கு இறங்கும். அங்கிருந்து தார் ரோட்டில் ஊர் திரும்ப வேண்டும். பதினெட்டு நாட்களுக்கு முந்தைய ஞாயிறு காலை, கிளோவிஸ் மகளைக் குதிரைப் பயிற்சிக்கு விடக் காரில் போயிருந்தார். பயிற்சி நடக்கும் இடம் சிற்றாலயத்துக்கு அடுத்தாற்போல இருந்ததால், காரை அங்கேயே நிறுத்திவிட்டுப் பாதையைத் தலைகீழாக ஓடலாமே என்று தோன்றியது. மேட்டில் ஏறி வருகையில், பாதை பிரியும் இடத்துப் பெரிய பீச் மரத்தில் இடதுபுறம் காட்டும் மஞ்சள் அம்பைப் பார்த்தார். புதிதாகப் பாதையை மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பினார். அது பழைய பலகைக்கல் குவாரிக்குப் போகும் வண்டித்தடம். மழையில் சரிந்திருந்த அதன் விளிம்பு காலடியில் உடைந்தது.

"நான் அங்க கிடந்தப்போ ஊரே இவங்க கடையில செப் காளான் ஆம்லெட் தின்னுக்கிட்டிருந்துச்சு," என்றார் கிளோவிஸ்.

"அதை ஏன் கேக்கறீங்க! தபால்கார அனிசே அண்ணன் கூடை நிறையக் கொண்டுவந்து இறக்கிட்டார். ஒவ்வொண்ணுலயும் இலை இலையா ஒட்டிக்கிட்டிருந்துச்சு. செப்பைத் தண்ணியில கழுவவும் கூடாது. துடைச்சுத் துடைச்சு என் விரல் மரத்துப்போச்சு," என்றாள் ஃபொஸ்தேன்.

"தலைகீழா ஓடப்போறீங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் ரெஜின்.

"எனக்கே காரை நிறுத்தினப்போதானே தெரியும்!"

ரெஜின் தலையசைத்தார். ஃபிர்மேன் மேல் பழி விழுந்ததற்குக் காரணம் இருந்தது. பாதை அவருடைய மேய்ச்சல் நிலத்தின் ஓரமாகப் போகிறது. சினை ஆடுகள் மிரளுகின்றன என்று கோடை முழுக்கச் சண்டை போட்டார். "ஒருநாள் எவனாவது காலை உடைச்சுக்கப் போறான்" என்று ஊர்க்கூட்டத்திலேயே கத்தினார். அவர் கொட்டகையில் மஞ்சள் பெயின்ட் இருந்ததைப் பார்த்தவர்களும் உண்டு. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு அவரிடம் சீஸ் வாங்குவது நின்றது. சந்தையில் அவருடைய மேஜையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். போன வாரம் யாரோ பட்டிக் கதவைத் திறந்துவிட்டதில் இரண்டு ஆடுகள் ரோட்டில் லாரியில் அடிபட்டன. ஒன்று அங்கேயே செத்தது. இன்னொன்றுக்கு ஊசி போட்டுக் கண்ணை மூட வைத்தவர் ரெஜின்தான். ஆட்டின் தலையை மடியில் வைத்திருந்த ஃபிர்மேன் அன்று யாரையும் திட்டவில்லை. அதுதான் ரெஜினுக்குக் கவலையாக இருந்தது.

கிளோவிஸ் போனதும் ஃபொஸ்தேன் குரலைத் தாழ்த்தினாள். "மைலீஸ்தான் டாக்டரம்மா! குழுத் தலைவி. வாத்தியார் இந்த ஊருக்கு வர்ற வரைக்கும் எல்லாப் பந்தயத்துலயும் அவதான் முதல். பெயின்டும் அவ வீட்டுலதான் இருக்கு."

"இருக்கலாம். வா, மரத்தைப் பார்ப்போம்."

இருவரும் ஊர்ப்பக்கமிருந்து மேடேறினார்கள். பீச் இலைகள் செம்பு நிறத்தில் பாதையை மூடியிருந்தன. கீழே எங்கும் கஷ்கொட்டையும் பைனும்தான். அந்த மேட்டில் மட்டும் பீச். பாதை பிரியும் இடத்தில் ஃபொஸ்தேன் மரத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்பையே காணோமே! யாரோ அழிச்சுட்டாங்க!"

"யாரும் அழிக்கல. மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து பார்."

அம்பு மரத்தின் கீழ்ப்பக்கத்தில், சரிவைப் பார்த்தபடி இருந்தது. ஊரிலிருந்து வருகிறவர்கள் கண்ணில் அது படவே படாது. ரெஜின் விரல் நுனியால் அதைத் தடவினார். அம்பைச் சுற்றிக் கொஞ்ச இடத்தில் பாசியைச் சுரண்டிப் பட்டையை வழவழப்பாக்கியிருந்தார்கள். அதன் மேல் தூரிகையால் அடித்த பெயின்ட் இத்தனை மழைக்குப் பிறகும் பளிச்சென்று இருந்தது.

பிறகு அவர் சிற்றாலயம் வரை இறங்கி, மறுபடி ஏறி வந்தார். மரத்தைத் தாண்டிப் பாதை வளைகிற இடத்தில் ஒரு பழைய கல் சுவர். ஊரிலிருந்து வந்தால் சுவரின் முதுகுதான் தெரியும். கீழேயிருந்து ஏறி வந்தாலோ, சுவருக்கு இப்பாலுள்ள பாசி படர்ந்த மேடு முழுக்க நேர் எதிரே விரிந்து கிடந்தது. ரெஜின் அங்கே குந்தி உட்கார்ந்து இலைகளை விலக்கினார். கத்தியால் நறுக்கிய தடித்த தண்டுகளின் அடிக்கட்டைகள், கருத்து அழுகியபடி, அங்குமிங்கும் மண்ணில் நின்றன.

"ஐயோ, எத்தனை செப்!" என்றாள் ஃபொஸ்தேன். "யாரோ அள்ளிட்டுப் போயிருக்காங்க. சரி, வழக்குக்கு வாங்க டாக்டரம்மா."

"வழக்குலதான் இருக்கேன்," என்று எழுந்தார் ரெஜின்.

திரும்பும் வழியில் ஃபிர்மேனின் கொட்டகைக்குப் போனார்கள். அவர் கேட்காமலேயே மஞ்சள் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து ரெஜின் கையில் கொடுத்தார். "இதுதான் ஊர் பேசற பெயின்ட். பூச்சி மருந்து குடுத்த ஆட்டுக்கு அடையாளம் போடறது. நீங்களே எனக்கு வாங்கச் சொன்னதுதான்." பட்டியில் முதுகில் வெளிறிய மஞ்சள் கறையோடு சில ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"எப்ப போட்ட அடையாளம்?"

"வாத்தியார் விழுந்த வாரம்தான். மழைல போயிடுச்சு."

சனிக்கிழமை மதியம் ஃபொஸ்தேனின் கடையில் ரெஜின் சொன்னபடி எல்லோரும் வந்திருந்தார்கள். கிளோவிஸ் ஒரு மூலையில். எதிரே மைலீஸ், ஓட்டத்திலிருந்து அப்படியே வந்த ஈரத் தலையோடு. கதவருகே, உட்கார மறுத்து நின்ற ஃபிர்மேன். ஜன்னல் ஓரம் அனிசே. இந்த ஊரில் கடிதம் கொடுத்தே தலை நரைத்தவர், மைலீஸோடு சேர்ந்து பாதைகளுக்குக் குறி போட்டவர். அவருக்கு முன்னால் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின்.

"ஃபிர்மேன் அந்த அம்பைப் போடல," என்று தொடங்கினார் ரெஜின். "அவர்கிட்ட இருக்கற பெயின்ட் மழையில கரையற பெயின்ட். கம்பளி கெட்டுப்போகக் கூடாதுன்னே அப்படித் தயாரிக்கறாங்க. ஆட்டு முதுகுல போனது மரத்துல மட்டும் பளபளன்னு நிக்காது. அதோட, அம்பு போட்டவர் முதல்ல பாசியைச் சுரண்டியிருக்கார். கோபத்துல கிறுக்கறவன் யாரும் அப்படிச் செய்யமாட்டான். பெயின்ட் பிடிக்கணுமேன்னு கவலைப்படற கை அது."

எல்லோரும் மைலீஸைப் பார்த்தார்கள்.

"என்ன என்னைப் பார்க்கறீங்க?" என்று அவள் சீறினாள். "இவரை ஜெயிக்க எனக்குப் பள்ளம் வேணுமா? அடுத்த வசந்தத்துல கால் சரியாகட்டும், அப்ப பாருங்க!"

"பார்க்கலாம்," என்றார் கிளோவிஸ்.

"மைலீஸும் இல்ல," என்றார் ரெஜின். "வாத்தியாரைக் கவுக்கணும்னா அவர் வழக்கமா வர்ற பக்கத்துல அம்பு போட்டிருப்பா. இது எதிர்ப்பக்கம் இருக்கு. அவர் தலைகீழா ஓடப்போறது அவருக்கே முன்கூட்டித் தெரியாது. நானும் முதல்ல இதுலதான் முட்டிக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் புரிஞ்சுது, அது ஓடறவங்களுக்காகப் போட்ட அம்பே இல்ல. இந்த மாசத்துல ஞாயித்துக்கிழமையானா சிற்றாலயத்துல காரை நிறுத்திட்டு யார் மேடேறி வர்றாங்க?"

"டவுன்காரங்க," என்றாள் ஃபொஸ்தேன் உடனே. "கூடையைத் தூக்கிக்கிட்டு, காளான் பொறுக்க."

"அவங்க நேரா வந்தா சுவருக்குக் கீழே இருக்கற மேடு கண்ணுல படும். யாரோ ஒருத்தர் ரகசியமா வச்சிருக்கற, நல்ல செப் விளையற இடம் அது. அவங்களை அங்கேர்ந்து திருப்பிவிடத்தான் அம்பு." ரெஜின் திரும்பினார். "அனிசே, அந்த ஞாயித்துக்கிழமை இங்க கொண்டுவந்தீங்களே, அந்தச் செப் எங்க எடுத்தது?"

அனிசே கிளாஸைக் கையில் உருட்டினார். "இதெல்லாம் ஒரு கேள்வியா டாக்டரம்மா? இடத்தை யாராவது சொல்லுவாங்களா? ஆத்துக்கு அந்தாண்ட, பைன் காட்டுல."

ஃபொஸ்தேன் மேஜை துடைக்கும் துணியைக் கீழே போட்டாள். "அண்ணே, பைன் மரத்துல எங்கே இலை? ஊசி இல்ல இருக்கும்! நான் அன்னிக்கு மத்தியானம் பூரா உக்காந்து துடைச்சது இலை. செம்பு நிறத்துல, இந்த அகலம். பீச் இலை!" சொல்லிவிட்டு, தான் என்ன கண்டுபிடித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

அனிசே கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தத் தடம் கொஞ்ச தூரம் போய்ப் பாதையோட சேர்ந்துக்கும்," என்றார் அனிசே, யாரையும் பார்க்காமல். "மார்ச்சுல நான் நடந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. ஓரம் சரிஞ்சுபோனது எனக்குத் தெரியாது வாத்தியாரே. சத்தியமா. அந்த மேடு எங்கப்பா காட்டின இடம். போன வருஷம் டவுன்காரங்க வந்து மண்ணோட கிளறிப் போட்டுட்டுப் போனாங்க. அவங்களை ஒரு சுத்து சுத்தவிடலாம்னுதான்…"

"விழுந்தது தெரிஞ்சப்புறம்?" என்று கேட்டார் கிளோவிஸ்.

"சொல்லணும்னு வந்தேன். அதுக்குள்ள எல்லாரும் ஃபிர்மேன், ஃபிர்மேன்னாங்க. நான் அவன் பேரைச் சொல்லல."

"இல்லன்னும் சொல்லல," என்றார் ரெஜின்.

கதவருகே நின்றிருந்த ஃபிர்மேன் இரண்டு எட்டில் மேஜைக்கு வந்தார். மைலீஸ் பதறி எழுந்தாள். அவர் அனிசேயின் கிளாஸை எடுத்து நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

"என் ஆட்டை ரோட்டுல விட்டது நீயா?"

"ஐயையோ, இல்ல ஃபிர்மேன்! அது யாருன்னு எனக்குத் தெரியாது."

"யாரா இருந்தா என்ன? நீ வாயை மூடிக்கிட்டிருந்ததால எவனோ பட்டியைத் திறந்தான்." ஃபிர்மேன் இரண்டு விரலை நீட்டினார். "ரெண்டும் சினை. உன்மேல கேஸ் போடறது வாத்தியார் இஷ்டம். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். நாளைக்குச் சந்தையில என் மேஜைக்குப் பக்கத்துல வந்து நில்லு. இங்க சொன்னதை அங்க சொல்லு."

கிளோவிஸ் ஊன்றுகோல்களை எட்டி எடுத்தார். "அவர் அங்க சொன்னா எனக்கும் போதும்," என்றார்.

மறுநாள் காலை அனிசே வரமாட்டார் என்று ஃபொஸ்தேன் அடித்துச் சொன்னாள். வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். சந்தை கூட்டமாக இருந்தது. ஃபிர்மேன் தன் சீஸ் வட்டங்களை அடுக்கிவிட்டுக் கைகட்டி நின்றார். அனிசே தொண்டையைச் செருமிக்கொண்டு, ஃபிர்மேன் அந்த அம்பைப் போடவில்லை என்று ஆரம்பித்தார். குரல் பக்கத்து முட்டைக் கூடை வரைகூடப் போகவில்லை. ஒருவர் திரும்பிப் பார்த்தார். மற்றவர்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சத்தமா," என்றார் ஃபிர்மேன். "பின்னாடி நிக்கறவங்களும் சீஸ் வாங்கறவங்கதான்."

அனிசே கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை தன் பெயரிலிருந்து ஆரம்பித்தார். சந்தை மெல்ல மெல்ல அடங்கியது.