முன்னூற்றுப் பன்னிரண்டாவது பூநாரை

கோபிசங்கர் குனிந்தபடி சேற்றில் விரைந்தான். எங்கோ ஒரு வள்ளத்தின் இயந்திரச் சத்தம். அது நெருங்கினால் மண்கும்பான் களப்பில் இறங்கியிருந்த பூநாரைகள் எழும்பிவிடும். அதற்குள் எண்ணி முடித்தால் இந்த மாசி எண்ணிக்கை அவன் பெயரில் போகும். ஐந்து வருடமாகப் பிரவீனன் பெயரில் போனது.

கையிலிருந்த எண்ணுகருவியைப் பெருவிரலால் அமத்தினான். டிக்.

டிக்.

அவன் ஒருமுறைதான் அமத்தியிருந்தான்.

திரும்பிப் பார்த்தான். வெயிலில் காய்ந்த உப்பும் அழுகிய பாசியும் மணத்தன. அவன் வந்த வழியில், சிவப்புத் துணி கட்டிய கம்புகள் வரிசையாக நின்றன. எந்தச் சேறு தாங்கும், எது விழுங்கும் என்று பார்த்துத் தெரியாது. பிரவீனன் காலால் மிதித்துப் பார்த்து நட்ட கம்புகளை நம்பித்தான் எல்லோரும் நடப்பார்கள்.

பிரவீனன் காணாமற்போய் எட்டு நாள். அவனுடைய மோட்டார் சைக்கிள் கடற்கரையில் நின்றதால் கடலில்தான் தேடினார்கள்.

"ஏன் நிண்டிட்டீர்?" காதுக்குள் போனில் தாரிகா. அவள் கரையில் நின்று தொலைநோக்கியால் கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு கம்பு இருக்கெல்லோ?"

"இஞ்ச நிண்டே எண்ணலாம்."

"பிரவீனன் எண்டால் கடைசிக் கம்பு மட்டும் போவார்."

பிரவீனன். செத்தாலும் இவள் வாயில் அவன்தான். கோபிசங்கர் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான். பறவைகள் தலையைச் சிறகுக்குள் செருகி ஒற்றைக்காலில் தூங்கின. ஒவ்வொரு டிக்குக்கும் பின்னால், சற்றுப் பிந்தி, ஈரமான இன்னொரு டிக்.

"முன்னூற்றுப் பதினொண்டு," என்றான். 

"எனக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு. கடைசிக் கம்புக்குப் பக்கத்திலை ஒண்டு தனிய நிக்குது, அதை விட்டிட்டீர். பிரவீனன் எண்டால் ஒண்டு கூடாது, ஒண்டு குறையாது."

கழுத்தில் தொங்கிய கமெராவைத் தூக்கிப் பெருப்பித்தான். இளஞ்சிவப்புக் கால்கள். கால்கள். கால்கள். ஒன்று மட்டும் சாம்பல்.

அதற்கு மேலே பறவை இல்லை.

வள்ளம் உறுமிக்கொண்டு நெருங்கியது. கூட்டம் முழுவதும் ஒரேயடியாக எழும்பியது. வானம் சிவந்து, வெறுமையானது. களப்பில் அது மட்டும் நின்றது. ஒரு கை, முழங்கையிலிருந்து மேலே. சேறு பூசிய ஐந்து விரல். விரல்களுக்குள் ஒரு எண்ணுகருவி.

"கோபி? அது ஏன் பறக்கேல்லை?"

கோபிசங்கர் கமெராவை இறக்கினான். ஒன்பது நாளைக்கு முன் ஒரு பின்னேரம் கடைசிக் கம்பைப் பிடுங்கிப் பத்தடி தள்ளிப் புதைசேற்றில் நட்டவன் அவன். மறுநாள் விடிய, பிரவீனன் கூப்பிடக் கூப்பிட, அந்த மோட்டார் சைக்கிளைக் கடற்கரைக்கு உருட்டிப் போனவனும் அவன்.

சேற்றுக்கு மேலே பெருவிரல் மெல்ல மடங்கியது.

டிக்.

கோபிசங்கரின் கையில் எண் மாறியது. முன்னூற்றுப் பன்னிரண்டு.